ஐயா உள்ளே படுத்திருக்கிறார்

லிங்கநகர்
11.02.2024

தயாளினி தங்கச்சிக்கு,

வாசித்து முடிந்ததும் இந்தக் கடிதத்தை அடுப்பில் போடவும். இப்படியான வரியைக் கடைசியில் எழுதுவதுதான் முறை. ஆனால் உங்கள் குணம் எனக்குத் தெரியும். பாதி வாசித்துவிட்டு தையல் மெசினுக்கு மேல் வைத்துவிட்டுப் போய்விடுவீர்கள்.

நான் உங்களுக்கு எழுதவே கூடாது. வழக்கு முடியும்வரை எதிரிகளான நாங்கள் இரண்டு பேரும் கதைக்கவோ சந்திக்கவோ கூடாது என்பது பிணை நிபந்தனை. ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் என் சட்டத்தரணி அதை மூன்று தரம் சொல்லி, விளங்கினதா என்று பிள்ளைகளைக் கேட்பதுபோல் கேட்டார். என் தொலைபேசியைக் கொழும்பிலிருந்து வந்த இலஞ்ச ஆணைக்குழுக்காரர் கொண்டுபோய் இரண்டு கிழமை வைத்திருந்து திருப்பித் தந்தார்கள். அன்றிலிருந்து அதைத் தொடவே கை கூசுகிறது. அதனால்தான் இதை அஸ்மியா ரீச்சரிடம் கொடுத்துவிடுகிறேன். அவ படிப்பிக்கிற பள்ளிக்கூடம் நிலாவெளிப் பக்கம், தினமும் பஸ்ஸில் போகிறா. சட்டைத் தையல் விஷயம் என்று சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுபோகிறேன் என்றா.

முப்பத்தொரு வருடம் கிராம உத்தியோகத்தராக, விதானையாக வேலை பார்த்தவன், விஷயத்தை ஒழுங்காகவே எழுதுகிறேன். உங்கள் தகப்பனார், இளைப்பாறிய ரயில்வே கார்ட் கோணாமலை, 2020 சித்திரையில் திருச்சியில் உங்கள் தம்பி வீட்டில் காலமானார். கொரோனாக் காலம், விமானம் இல்லை, அங்கேயே எரித்தார்கள். இங்கே ஒரு சனத்துக்கும் நீங்கள் சொல்லவில்லை. அவர் நாட்டுக்குத் திரும்பிவிட்டார், எழும்ப ஏலாமல் கட்டிலில் கிடக்கிறார் என்றீர்கள். உங்களை நம்பி 2021, 2022, 2023 மூன்று வருடமும் அவருடைய உயிர்வாழ் சான்றிதழில் நான் கையெழுத்து வைத்தேன். அவருடைய பென்சன் உங்களுக்கு வந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு பாவி மொட்டைப் பெட்டிசம் போட்டான்.

இப்போது என்மேல் இருக்கும் குற்றம் ஏமாந்தது அல்ல. இலஞ்சம். என் மகள் தனுஷிகாவுக்கு நீங்கள் பள்ளிச் சட்டை தைத்துத் தந்ததுதான் அந்த இலஞ்சமாம். அது நிரூபணமானால் மறியலுக்குள் அடைப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், என் ஓய்வூதியம் முழுவதும் போகும். ஓகஸ்ட் பதினாலு எனக்கு அறுபது வயது. என் மனைவி இரத்தினேஸ்வரிக்குச் சலரோகத்தில் போன வருடம் இரண்டு கால்விரலை எடுத்துவிட்டார்கள். தனுஷிகாவுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. எனக்கென்று காணியும் இல்லை, கடையும் இல்லை.

ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். தையலுக்கு நாங்கள் கூலி தந்தோம் என்று சொல்லுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ச. யோகலிங்கம்


நிலாவெளி
15.02.2024

விதானை அண்ணைக்கு,

அடுப்பில் போடச் சொன்னீர்கள். சின்னம்மா வீட்டில் காஸ் அடுப்பு. கடுதாசி எரித்தால் வீடு முழுக்க மணக்கும், என்னடி எரிக்கிறாய் என்று சின்னம்மா குசினிக்குள் வந்து நிற்பா. ஆகவே மெசின் லாச்சிக்குள் நூல் கட்டைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பயப்பட வேண்டாம். அந்த லாச்சியை என்னைத் தவிர ஒருவரும் திறப்பதில்லை.

இங்கே ஒரு ஹோட்டலுக்குத் தலையணை உறையும் யன்னல் சீலையும் தைக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஓடி வந்து ஒளித்திருக்கிறேன். கடற்கரையில் வலை இழுக்கிறவர்கள் சத்தம் போட்டால்கூட என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று யன்னலைச் சாத்திவிடுகிறேன்.

போன திங்கள் கொழும்பு அதிகாரி ஒரு பெண்பிள்ளை வந்தா. நல்ல தமிழ் கதைத்தா, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "அம்மா, தைச்சுக் குடுத்தது கையெழுத்துக்காகத்தான் எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. உங்களுக்கு மன்னிப்பு எடுத்துத் தரலாம். நீங்கள் வீட்டை போகலாம்" என்றா. நான் தண்ணீர் கேட்டேன். தந்தா. குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தா. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

எனக்கு மறியல் என்றால் என்னவென்று தெரியாது அண்ணை. தெரியாததால்தான் பயம். முன்பின் தெரியாத பொம்பிளைகளோடு ஒரு அறையில் படுக்க வேணுமாம். கதவில்லாத கக்கூஸாம். ஹோட்டலில் கூட்டிப் பெருக்கும் ஒருத்தி சொன்னாள், அவளுடைய தமக்கை இருந்துவிட்டு வந்தவளாம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்று. என்னை நம்பி ஏமாந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கோட்டில் நீதிபதிக்குச் சொல்லுங்கள், பரவாயில்லை. எனக்கு எழுதும் கடிதத்திலுமா?

முதல் வருடம் நீங்கள் வாசல் படலையில் நின்று "கார்ட் ஐயா எப்பிடி?" என்று கேட்டீர்கள். "ஐயா உள்ளே படுத்திருக்கிறார்" என்றேன். மதிலில் வைத்துக் கையெழுத்துப் போட்டீர்கள். அது ஏமாந்தது, ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் வருடம் மழை. நனைந்துகொண்டு உள்ளே வந்தீர்கள். துவாய் எடுக்க நான் போன நேரம் ஐயாவின் அறைக் கதவு திறந்து கிடந்தது. கட்டில் நிறைய வெட்டிப் போட்ட வெள்ளைத் துணி. நான் துவாயோடு வரும்போது நீங்கள் அந்த வாசலில் நின்றீர்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். தலையைத் துடைத்தீர்கள், தேத்தண்ணி குடித்தீர்கள், பேனையை எடுத்தீர்கள்.

அடுத்த கிழமை இரத்தினேஸ்வரி அக்கா, அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வெள்ளைத் துணியைக் கொடுத்துவிட்டா. தைத்துக் கொடுத்தேன், கூலி வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தயாளினி


லிங்கநகர்
20.02.2024

தங்கச்சி,

ஏன் இதையெல்லாம் எழுத்தில் வைத்தீர்கள்? உங்களுக்கு அறிவிருக்கிறதா? அஸ்மியா ரீச்சரின் பையை யாராவது சோதித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? வாசித்த உடனே கிணற்றடிக்குக் கொண்டுபோய் எரித்துச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்தேன். நீங்களும் என் கடிதத்தை இன்றைக்கே எரிக்க வேணும். காஸ் அடுப்பு, மண் அடுப்பு என்ற கதை வேண்டாம்.

நான் கட்டிலைப் பார்க்கவில்லை. அறை இருட்டு, வெளியே மழை, என் கண்ணாடி நனைந்திருந்தது. நான் கட்டிலைப் பார்க்கவில்லை. நீங்களும் அப்படித்தான் நினைக்க வேணும். நினைத்தால்தான் கோட்டில் வாய் தடுமாறாது.

இங்கே நிலைமை சொல்லி வேலையில்லை. முந்தநாள் சந்தியில் ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தேன். கடைசியில் மின்சார மீட்டர் வாசிக்க வந்தவன். இரத்தினேஸ்வரிதான் வந்து கதவில் தட்டி, "வெளியிலை வாங்கோ, அவன் போயிட்டான்" என்றாள். அறுபது வயதாகப் போகிற மனிசன். வெட்கமாக இருந்தது.

நீங்கள் தைக்கும் சட்டைகளுக்கு அடையாளம் வைப்பீர்களே, வெள்ளைச் சட்டைகள் ஒன்றோடொன்று மாறாமல் இருக்க மடிப்பின் உள்பக்கம் ஆளுக்கொரு நிற நூலில் தையல், அதை அதிகாரிகள் அறிந்தால் சட்டைகளே சாட்சியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. தனுஷிகாவுக்குச் சிவப்பில் மூன்று தையல். இரத்தினேஸ்வரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யன்னலடியில் இருந்து ஊசிமுனையால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கிறாள். ஏன் அம்மா நல்ல சட்டையைப் பிரிக்கிறியள் என்று பிள்ளை கேட்டாள். பழைய நூல் உக்கிப்போச்சு என்று சொன்னோம். அவள் நம்பினமாதிரித் தெரியவில்லை.

மன்னிப்பு வாங்கினால் நீங்கள் வீட்டுக்குப் போகலாம். நான் எங்கே போவது? யோசியுங்கள்.

யோகலிங்கம்


நிலாவெளி
03.03.2024

விதானை அண்ணைக்கு,

அழைப்பாணை வந்துவிட்டது. பதினெட்டாம் திகதி. சின்னம்மாவுக்குத் தெரியாமல் அதைத் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்து, பிறகு அது ஹோட்டலுக்குப் போகும் உறை என்று ஞாபகம் வந்து, திரும்பப் பிரித்தேன். என் நிலைமை இதுதான்.

கோபத்தில் எழுதிவிட்டேன். உங்களைக் குத்திக் காட்ட எனக்கு என்ன யோக்கியதை? கையெழுத்து உங்களுடையது, அதில் சாப்பிட்டது நான்.

ஏன் மறைத்தாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கலியாணம் ஆகாத மகளுக்கு அந்தப் பென்சன் வராது, வயது கடந்துவிட்டது, அதனால்தான் என்று சொல்கிறேன். அது உண்மை. முழு உண்மை இல்லை. தம்பி திருச்சியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னபோது ஊரடங்கு. செத்தவீடு இல்லை, எட்டாம் நாள் இல்லை, முப்பத்தோராம் நாள் சடங்கு இல்லை, என்னோடு இருந்து அழ ஒரு சனம் இல்லை. ஒருவருக்கும் சொல்லாமல் இருக்க இருக்க, ஐயா திருச்சியில்தான் இருக்கிறார் என்றே இருந்தது. தை மாதம் நீங்கள் கையெழுத்து வைத்துவிட்டுப் போனால் அன்றைக்கு அவருக்குப் பிடித்த குரக்கன் புட்டு அவிப்பேன். விசர் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் முடிவெடுத்துவிட்டேன். மன்னிப்பு வேண்டாம் என்று அந்தப் பெண்பிள்ளைக்குச் சொல்லப் போகிறேன். குற்றத்தை ஒப்புக்கொள்வேன். கட்டிலில் தலையணைகளை நீட்டுக்கு அடுக்கி, போர்வையால் மூடி, வாசலில் நின்று பார்க்கிறவருக்கு ஆள் படுத்திருக்கிறமாதிரிக் காட்டி விதானையாரை ஏய்த்தேன் என்று சொல்வேன். தையலுக்குக் கூலி வாங்கினேன் என்றும் சொல்வேன். உங்களைக் கேட்டால் "ஓம், போர்வைக்குள்ளை ஆள் கிடந்தமாதிரித்தான் தெரிஞ்சது" என்று சொல்லுங்கள். அவ்வளவுதான்.

பெரிய தியாகம் என்று நினைக்க வேண்டாம். எனக்குப் பயம், எழுத்தைப் பார்த்தாலே தெரியும். ஆனால் உங்களுக்கு மூன்று வயிறு இருக்கிறது. எனக்கு ஒன்று.

தயாளினி


லிங்கநகர்
06.03.2024

தங்கச்சி,

நீங்கள் சொன்னபடியே.

இரண்டு பேரும் ஒரேமாதிரிச் சொல்ல வேணும். போர்வை என்ன நிறம்?

கடிதங்களை எரிக்கவும்.

யோ.


நிலாவெளி
08.03.2024

நீலம். கரை பச்சை.

த.


சிறைச்சாலையிலிருந்து
25.08.2024

மதிப்புக்குரிய யோகலிங்கம் அண்ணைக்கு,

இங்கே வருகிற போகிற கடிதம் எல்லாவற்றையும் உத்தியோகத்தர்கள் திறந்து வாசித்துவிட்டுத்தான் விடுவார்கள். ஆகவே வழக்குக் கதை ஒன்றும் எழுதவில்லை, நீங்களும் எழுத வேண்டாம். சுகம் விசாரிக்கத்தான்.

நாலு வருடம் என்று தீர்த்ததை நீங்களும் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள். தலையணை அடுக்கி அரசாங்க உத்தியோகத்தரை ஏய்த்த தந்திரக்காரி என்று நீதிபதி சொன்னார். அந்தத் தந்திரத்துக்காகத்தான் இவ்வளவு கூட்டிப் போட்டதாம். தண்டனையைக் குறைக்கச் சொல்லி மேன்முறையீடு போட்டிருக்கிறது, மாசியில் எடுப்பார்கள். நீங்கள் விடுதலையாகிப் படியிறங்கிப் போனதைப் பார்த்தேன். திரும்பிப் பார்க்காமல் போனது நல்லது.

கோட்டில் ஒரு நேரம் ஐயாவின் பெயரை வாசித்து, இறந்த திகதியை வாசித்து, இறந்தவர் இறந்தவர் என்று சத்தமாகச் சொன்னார்கள் அல்லவா? நாலு வருடத்தில் அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. தண்டனைக்குப் பயந்து அழுகிறேன் என்று பக்கத்தில் நின்ற பொலிஸ்காரப் பிள்ளை தோளைத் தடவினாள்.

இங்கேயும் தையல்தான். ஆனால் ஆள் எண்ணும்போது பெயர் கூப்பிட்டால் இரண்டாம் தரம் கூப்பிட்ட பிறகுதான் வாய் திறக்கிறேன். ஒருத்தி இருக்கிறாள், காரணமில்லாமல் அடிப்பாள். அவள் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் நான் தண்ணீர் எடுக்கவே போவேன். இதை அக்காவுக்குச் சொல்ல வேண்டாம்.

ஓகஸ்ட் பதினாலு போய்விட்டது. பென்சன் காரியம் சரிவந்ததா? அக்காவின் கால் எப்படி? தனுஷிகா நன்றாகப் படிக்கிறாளா?

தயாளினி


லிங்கநகர்
19.01.2025

தயாளினி தங்கச்சிக்கு,

உங்கள் கடிதம் வந்து ஐந்து மாதம். பதில் எழுத எத்தனையோ தரம் கதிரையை இழுத்துப் போட்டு இருந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை அஸ்மியா ரீச்சரிடம் கொடுக்கவில்லை. முத்திரை ஒட்டித் தபாலில் போடுகிறேன். உங்களுக்கு முன்னால் இதை யார் வாசிப்பார்கள் என்பது தெரிந்துதான் எழுதுகிறேன்.

பென்சன் கிடைத்தது. புரட்டாதியிலிருந்து வருகிறது. அதை எடுத்துவந்து அலுமாரிக்குள் வைப்போம், அதைப்பற்றி நாங்கள் மூன்று பேரும் கதைப்பதில்லை. வெளியே போகவும் எனக்கு மனமில்லை. துறைமுகப் பக்கம் நடந்து போனால் தெரிந்தவர்கள் "கடவுள் இருக்கிறார் விதானையார், தப்பீட்டியள்" என்று கையைப் பிடிப்பார்கள். அதற்குப் பயந்தே சந்திக்குப் போவதை விட்டேன். முந்தி நான் பொலிஸுக்குப் பயந்தேன். இப்போது என்னை நல்லவன் என்கிற சனத்துக்குப் பயம்.

நேற்று முன்தினம் என் உயிர்வாழ் சான்றிதழைக் கொண்டு போனேன். இளைப்பாறியவர்களுக்குத் தை மாதம் வரும் அதே கடுதாசி, இந்த முறை என் பெயரில். என் இடத்துக்கு வந்திருக்கும் விதானை சுலக்சன், என்னிடம் வேலை பழகினவர். மேசையில் ஐந்தாறு பேர் சுற்றி நின்றார்கள். "வாங்கோ சேர், இருங்கோ சேர்" என்று சொல்லிக்கொண்டே கடுதாசியை இழுத்தார், கையெழுத்து வைத்தார், முத்திரை குத்தினார். தலையை நிமிர்த்தவில்லை. வந்தது நானா, என்னுடைய சட்டை போட்ட வேறொருவனா என்று அவர் பார்க்கவில்லை. "தம்பி, ஒருக்கா என்ரை முகத்தைப் பாரும்" என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார். இந்தப் பழக்கத்தை அவர் யாரிடம் பழகினார்?

வெளியே வந்து அந்தக் கடுதாசியை வாசித்தேன். ஆயிரம் தரம் கையெழுத்து வைத்த வாசகம். மேற்படி நபர் உயிருடன் இருப்பதை நான் நேரில் கண்டேன். அந்தப் படியிலேயே குந்திவிட்டேன். கோட்டில் கூண்டில் நின்று நீலப் போர்வை, பச்சைக் கரை என்று சொன்ன நேரம்கூட நான் குந்த இடம் தேடவில்லை.

நீங்கள் ஏன் மறைத்தீர்கள் என்று எழுதினீர்கள். நான் ஏன் கையெழுத்து வைத்தேன் என்று ஒருநாளும் எழுதவில்லை. அந்த மழை நாளில் கட்டிலைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கியது. இந்தப் பென்சனை நிறுத்தினால் இந்தப் பிள்ளைக்குச் சோறு இல்லை என்று நினைத்தேன். ஒரு வருடம் போகட்டும் என்று நினைத்தேன். இரக்கம்தான். ஆனால் அடுத்த கிழமை தைத்த சட்டைகள் கூலி இல்லாமல் வந்தபோது, ஏன் என்று விளங்கியும் திருப்பி அனுப்பவில்லை. அதற்கு அடுத்த தையில் உண்மையை எழுதினால் போன தையில் என்ன செய்தாய் என்று கேட்பார்கள். ஆகவே அந்த மூன்றாம் கையெழுத்தில் இரக்கம் கொஞ்சமும் இல்லை. பயம் மட்டும்தான். கூண்டில் நின்று சொன்ன பொய்யும் அதேதான். அந்தப் பொய்யால்தான் நீங்கள் தந்திரக்காரி ஆனீர்கள்.

மாசியில் உங்கள் மேன்முறையீடு. தலையணையும் இல்லை, போர்வையும் இல்லை, விதானைக்கு எல்லாம் தெரியும் என்று அங்கே தெரிந்தால் தண்டனை குறையலாம் என்று ஒரு சட்டத்தரணியிடம் கேட்டு அறிந்தேன். எனக்கு என்ன நடக்கும் என்றும் கேட்டேன். சொன்னார். கேட்டுக்கொண்டு வந்தேன்.

இரத்தினேஸ்வரிக்கு இதுவரை எழுதியதை வாசிக்கக் கொடுத்தேன். அவள் மெதுவாக வாசிக்கிறவள். முடிய வெகுநேரம் எடுத்தது, நான் முற்றத்தில் நடந்துகொண்டிருந்தேன். பிறகு கேட்டாள், "பென்சன் நிண்டுபோகுமே?" ஓம் என்றேன். "ஊசி மருந்து ஆஸ்பத்திரியிலை சும்மா தாறாங்கள்தானே" என்றாள். எழும்பி, காலை இழுத்து இழுத்து அலுமாரியடிக்குப் போனாள். சீலைகளுக்கு அடியிலிருந்து தனுஷிகாவின் பழைய பள்ளிச் சட்டை ஒன்றை எடுத்தாள். மடிப்பைப் பிரட்டிக் காட்டினாள். சிவப்பு நூல், மூன்று தையல். இதை மட்டும் அவள் பிரிக்கவில்லை. ஒரு வருடமாக எனக்கும் சொல்லவில்லை. "இதையும் கொண்டு போங்கோ, கேப்பினம்" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். இதை எழுதும்போதும் சந்தியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பேனை நின்றுவிடுகிறது. உங்களை அடிக்கிறவள் எந்தப் பக்கம் என்று பார்த்துத் தண்ணீர் எடுங்கள். இன்னும் கொஞ்ச நாள்.

இதைத் திறந்து வாசிக்கும் உத்தியோகத்தர் அவர்களுக்கு:

இந்தக் கடிதத்தை உரிய இடத்துக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். 2022ஆம் ஆண்டு தை மாதம், இளைப்பாறிய ரயில்வே கார்ட் கோணாமலையின் கட்டிலில் ஒருவரும் இருக்கவில்லை என்பதை நான் நேரில் கண்டேன். தையலுக்கு நாங்கள் கூலி கொடுக்கவில்லை. வீடு லிங்கநகர்ப் பிள்ளையார் கோயிலுக்குப் பின் ஒழுங்கை, பச்சைப் படலை. எந்த நேரம் வந்தாலும் நான் வீட்டில்தான் இருப்பேன்.

ச. யோகலிங்கம்
இளைப்பாறிய கிராம உத்தியோகத்தர்